மதுரையில் பழைய கார் பார்ட்ஸும் வீட்டுச் சாமானும்: எதை எங்கே வாங்கலாம், எதை யாரிடம் தள்ளலாம்

தீர்ப்பை முதலில் சொல்லிவிடலாம். கதவு, பம்பர், லைட், கண்ணாடி மாதிரி பாடி சாமானுக்கு வண்டி உடைக்கிற கடைக்கு நிகர் கிடையாது. ஸ்பேனர், ஜாக்கி, மோட்டார், சில்லறைச் சாமானுக்குத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஓடுகிற ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ விற்க ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். ஓடாததற்குப் பழைய இரும்புக் கடை. பிரேக், டைமிங் பெல்ட், ஏர்பேக் மூன்றையும் எந்த இடத்திலும், எந்த விலைக்கும் பழசாக வாங்க வேண்டாம்.

பழைய பார்ட்ஸ் தேடுகிற கூட்டம் சும்மா கூடிவிடவில்லை. செவ்ரோலெட் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் செவ்ரோலெட் டவேராவும் பீட்டும் ஃபோர்டு ஃபிகோவும் இன்னும் ரோட்டில்தான் இருக்கின்றன. ஃபில்டர், பேடு மாதிரி அடிக்கடி மாற்றுகிற சாமானுக்கு வெளிக் கம்பெனி பார்ட்ஸ் உண்டு. டெயில் லேம்ப், கதவு உள் டிரிம், கண்ணாடி ஏற்றும் மெஷின் என்று வரும்போதுதான் திண்டாட்டம். அங்கேதான் உடைப்புக் கடை கைகொடுக்கும்.

உடைப்புக் கடையில் "அண்ணே, ஸ்விஃப்ட் ஹெட்லைட் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்த ஸ்விஃப்ட் என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 2005, 2011, 2018, 2024 என்று நாலு தலைமுறை வந்திருக்கிறது. ஒன்றின் லைட் இன்னொன்றில் உட்காராது. வண்டி எந்த வருஷம், எந்த மாடல், பெட்ரோலா டீசலா, டிரைவர் சைடா கிளீனர் சைடா, லைட்டை ஏற்றி இறக்கும் மோட்டார் உண்டா, பின்னால் பிளக்கில் எத்தனை பின் என்று சொல்லிக் கேட்க வேண்டும். உடைந்த பழைய சாமானைக் கையோடு கொண்டுபோனால் பாதிப் பேச்சு மிச்சம். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பொருந்துமா பொருந்தாதா தெரிந்துவிடும்.

ஹெட்லைட்டில் முதலில் பார்க்க வேண்டியது காது. பாடியோடு போல்ட் போடுகிற அந்தப் பிளாஸ்டிக் காதுகள் மோதலில் முதலில் உடைவது. ஃபெவி குவிக்கும் சோடா மாவும் போட்டு ஒட்டியிருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, சொரசொரப்பாகத் தெரியும். ஓட்ட ஓட்ட அது விட்டுப் போகும், வெளிச்சம் ஆடும். அடுத்து உள்ளே ரிஃப்ளெக்டர். வெளிக் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் போட்டுத் தேற்றிவிடலாம்; உள்ளே வெள்ளிப் பூச்சு மங்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ராத்திரி ரிங் ரோட்டில் ரோடே தெரியாது. லைட்டைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறை உள்ளே கோடு போட்டிருந்தால் சீல் போய்விட்டது.

கதவுக்குக் காந்தம் ஒன்று பாக்கெட்டில் இருந்தால் போதும். தகரத்தின் மேல் அங்கங்கே ஒட்டவும். நன்றாக இழுக்காத இடத்தில் அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது. பட்டி தடிமனாக இருந்தால் ஒரு வெயில், ஒரு மழை தாண்டினால் விரிசல் விடும். பிறகு கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் வடிய அங்கே சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துப் போன கதவு உள்ளுக்குள்ளேயே துரு பிடித்து, விளிம்பு பொரியாக உதிரும். கலர் ஒத்துப்போகிற கதவே கிடைத்தால் பெயின்ட் செலவு மிச்சம் என்று நினைப்பார்கள். வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. வண்டியின் தகட்டில் இருக்கும் பெயின்ட் கலர் நம்பர் ஒத்திருந்தாலும், அஞ்சு வருஷம் வெயிலில் நின்ற வெள்ளை அதே வெள்ளை இல்லை. பெயின்ட் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் கதவுக்கு விலை பேச வேண்டும்.

கதவுக் கண்ணாடி தாராளமாக வாங்கலாம். முன் கண்ணாடி வேண்டாம். அது பசையால் பாடியோடு ஒட்டியது. அறுத்து எடுக்கும்போது ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். கடையில் கண்ணுக்குத் தெரியாது. மாட்டின பிறகு ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் கோடு ஓடிவிடும்.

கரண்டு சாமானில் ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பழசு வாங்கத் தகுந்தவை. காரணம், இரண்டையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, பழுதாகிற பாகம் தனியாகக் கிடைக்கிறது. ஸ்டார்ட்டரைத் தரையில் வைத்து, காலால் அழுத்திப் பிடித்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுக்கலாம். நெகட்டிவ் பாடிக்கு, பாசிட்டிவ் பெரிய போல்ட்டுக்கு, அந்தப் போல்ட்டிலிருந்து ஒரு சின்ன வயரைச் சொலினாய்டின் (ஸ்டார்ட்டரோடு ஒட்டியிருக்கும் காந்த ஸ்விட்ச்) சின்ன பின்னுக்குத் தொட்டால் பல் வெளியே குதித்துச் சுற்ற வேண்டும். டக் என்ற சத்தம் மட்டும் வந்து சுற்றாவிட்டால் கார்பன் பிரஷ்ஷோ சொலினாய்டு கான்டாக்டோ தேய்ந்திருக்கிறது. சுற்றுகிறது, பல் வெளியே வரவில்லை என்றால் பல்லைத் தாங்கும் பெண்டிக்ஸ் பக்கம் கோளாறு. கார்பன் தேய்மானம் என்றால் பயப்பட வேண்டாம். அதைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கி, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கார்பன் போட்டுக்கொள்ளலாம். உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கருகிய வாடை வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங் சத்தம் மட்டும்தான் தெரியும். சார்ஜ் ஆகிறதா என்பது வண்டியில் மாட்டினால்தான் தெரியும். மாட்டியபின் மல்டிமீட்டரைப் பேட்டரி முனையில் வைக்கவும். வண்டி நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட் பண்ணியபின் 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஏறவே இல்லை என்றால் ரெகுலேட்டர் அல்லது கார்பன். 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரியைப் பொங்க வைத்துவிடும். புது மாடல் சிலவற்றில் சார்ஜிங்கை வண்டியின் கம்ப்யூட்டரான இசியூவே ஏற்றி இறக்கும்; அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இதற்காகத்தான் கடையில் கேரன்டி பேச வேண்டும். இந்தத் தொழிலில் வழக்கமான பேச்சு, "மாட்டிப் பாருங்க, ஓடலன்னா வேற தர்றேன், பணம் திரும்பாது" என்பதுதான். அது நியாயமான பேச்சும்கூட. எத்தனை நாளுக்குள் என்று கேட்டு, கைச்சீட்டில் எழுதி வாங்குங்கள்: எந்த வண்டிச் சாமான், மேலே இருக்கும் நம்பர், தேதி. கடைக்காரர் அந்தச் சாமானில் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைப்பார், அல்லது பஞ்ச் அடிப்பார். கெட்டுப்போன உங்கள் பழைய சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து ஏமாற்றாமல் இருக்க அவர் போடும் அடையாளம் அது. அதை அழித்துவிட்டால் கேரன்டியும் போச்சு. சீட்டு இன்னொன்றுக்கும் உதவும். திருட்டு வண்டிச் சாமானைத் தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவு பாயும். சீட்டே தர மாட்டேன் என்கிற கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது குறைவு இல்லை.

இன்ஜின், கியர் பாக்ஸ்

இங்கே கை வைக்குமுன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவதுதான் முறை. அவருக்குக் கடையில் கமிஷன் உண்டு என்று சந்தேகப்பட்டால், அவருடைய கூலியை முன்கூட்டியே தனியாகப் பேசிக் கொடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை தீரும்.

முழு இன்ஜின் என்றால் ஆயில் மூடியைத் திறந்து அடியில் பார்க்கவும். வெண்ணெய் மாதிரி வெளுத்துப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட் கேஸ்கட்டோ ஹெட் விரிசலோ, இரண்டில் ஒன்று. அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னால் கடைக்காரர் முனகுவார், ஆனாலும் கேளுங்கள். அடியில் மினுமினுக்கும் துகள் இருந்தால் பேரிங் தேய்ந்து கரைந்திருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்கலாம். அளவு எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்குமேல் ஒன்று மட்டும் குறைந்தால் அந்த இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும். டர்போவில் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லேசான ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது.

டீசலில் ஒரு அனுகூலம் உண்டு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா குவாட்ராஜெட், ஃபியட் புன்டோ எல்லாவற்றிலும் ஓடியது ஒரே ஃபியட் 1.3 டீசல் இன்ஜின் குடும்பம். பிளாக், ஹெட் உள்சாமான் தேடும்போது ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் கிடைக்கும். டர்போவும் இன்ஜெக்டரும் இசியூவும் அப்படி இல்லை; நம்பர் ஒத்தால்தான் வாங்க வேண்டும். பழைய இன்ஜெக்டர் பொதுவாகவே வம்பு. அதன் கோடு நம்பரை இசியூவில் ஏற்ற வேண்டும், டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்க்காமல் நல்லதா கெட்டதா சொல்லவே முடியாது. இசியூ வாங்குகிறவர்கள் சாவி, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் எல்லாம் சேர்த்துச் செட்டாக வாங்கவும். இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

இன்ஜினை மாற்றினால் நம்பர் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி நம்பர் மதுரையின் டிஎன் 58, 59, 64 எதுவாக இருந்தாலும் நடைமுறை இதுதான். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குப் பேப்பர் இல்லையென்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

டயரில் அச்சடித்த நாலு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரம். தேயவில்லை, கட்டை நன்றாக இருக்கிறது என்று காட்டுவார்கள். ஆறு வருஷம் தாண்டியதை நம் ஊர் வெயிலுக்கு வாங்காதீர்கள். அலாய் வீலில் போல்ட் வட்ட அளவு பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட், ஐ10 இரண்டும் நாலு போல்ட், 100 மில்லிமீட்டர். ஃபிகோ நாலு போல்ட்தான், ஆனால் 108. கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், மாட்டப் போனால் நட்டு நேராக இறங்காது. இறக்கியே தீருவேன் என்று ஏர் கன் போட்டால் போல்ட் போகும்.

உள்ளூரில் கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். போன் பண்ணி, சாமானின் எல்லாப் பக்கமும் வீடியோ வாங்கி, ஆம்னி பஸ் பார்சலில் போட்டால் மாட்டுத்தாவணிப் பக்கம் மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளலாம். ஹெட்லைட், பம்பர் என்றால் அட்டைப் பெட்டிக்குள் தெர்மாகோல் வைக்கச் சொல்லிக் கூடுதலாகப் பேக்கிங் கூலி கொடுங்கள். அந்தக் காசில் மிச்சம் பிடித்தால் காது உடைந்துதான் வந்து சேரும். திருப்பி அனுப்பும் செலவு நம்மைச் சேர்ந்தது என்பதால், நம்பர் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை

திலகர் திடலுக்குப் பார்ட்ஸ் தேடிப் போவதைவிட டூல்ஸ் தேடிப் போவது புத்திசாலித்தனம். காலையில் போனால் சாமான் நன்றாக இருக்கும். வெயில் ஏறினால் விலை இறங்கும். ஸ்பேனர் வாங்கும்போது வாய் விரிந்திருக்கிறதா என்று அதே அளவு போல்ட் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியை வெறுமனே ஏற்றிக் காட்டினால் எல்லாம் ஏறும். சுமை ஏற்றி அஞ்சு நிமிஷம் வைத்தால்தான் தானாக இறங்குகிறதா தெரியும். அதைப் பார்க்க வழியில்லை என்றால் ஆயில் சீல் மாற்றும் செலவைக் கழித்துப் பேசவும். மோட்டாரை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து, தண்டை ஆட்டிப் பார்த்து, மல்டிமீட்டரில் காயில் தொடர்ச்சியும், பாடிக்குக் கசிகிறதா என்பதும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கரண்டு கொடுத்துப் பார்க்க வசதி இல்லாத இடத்தில் விலையும் அதற்குத் தக்கபடிதான் இருக்க வேண்டும்.

வீட்டுச் சாமான் தள்ளுகிறவர்களுக்கு

ஓடுகிற பொருளை ஓடுகிற பொருளாகவே விற்க வேண்டும். இரும்புக் கடைக்காரர் ஃபிரிட்ஜைப் பார்ப்பது வேறு கண்ணால்: கம்ப்ரசர் எத்தனை கிலோ, குழாய் செம்பா அலுமினியமா. அந்தக் கணக்கில் ஃபிரிட்ஜ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே காசு. ஓஎல்எக்ஸில் போடும்போது ஓடும் வீடியோ, பின்பக்க ஸ்டிக்கர் படம், எத்தனை லிட்டர், வாங்கிய வருஷம் போடுங்கள். ஏரியா பேர் போதும், கதவு எண் வேண்டாம். ஏற்றிக்கொண்டு போக குட்டியானை வாடகை யார் பொறுப்பு என்பதையும், எத்தனையாவது மாடி என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் கீழே வந்து நின்று "மாடி இருக்குன்னு சொல்லவே இல்லையேண்ணே" என்று இருநூறு குறைக்கிற பேச்சு வராது. ஏப்ரல், மே மாதத்தில் காலேஜ் பிள்ளைகள் காலி பண்ணுவதால் கட்டிலும் ஏர் கூலரும் மலிந்து கிடக்கும். வாங்க நல்ல நேரம், விற்க இல்லை. ஆடியில் வீடு மாறுகிறவர்கள் குறைவு. ஆவணிக்குக் காத்திருந்தால் பீரோவுக்கு ஆள் வரும்.

பணம் அனுப்புகிறேன் என்று சொல்லிக் க்யூஆர் கோடு அனுப்புகிறவரிடம் பேச்சை முடித்துவிடுங்கள். பணம் வாங்க எதையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், யுபிஐ பின் நம்பர் அடிக்க வேண்டாம். ராணுவத்தில் இருக்கிறேன், ஆள் அனுப்புகிறேன் என்பது நாடு முழுக்க ஓடுகிற பழைய நாடகம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும்.

ஏசி விற்கிறவர்கள் கழற்றுவதில்தான் காசை விடுகிறார்கள். பைப்பை அறுத்து எடுத்தால் கேஸ் எல்லாம் காற்றோடு போய், ஓடும் ஏசி இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கூல் மோடில் ஓடவிட்டு, அவுட்டோரில் மெல்லிய பைப் வால்வை ஆலன் கீயால் மூடவும். ஒரு நிமிஷம் போல ஓடியதும் தடித்த பைப் வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்தவும். கேஸ் அவுட்டோருக்குள் அடைபட்டுவிடும். பழக்கமில்லாதவர்கள் ஏசி மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். அந்தக் கூலி விற்கும் விலையில் வந்துவிடும். வாங்குகிறவர் "காப்பரா, அலுமினியமா?" என்று கேட்பார். அவுட்டோர் காயிலின் வளைவுகளைப் பார்த்து முன்பே தெரிந்துகொண்டு பேசினால் விலை நிற்கும்.

பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட்டோடு 50 கிலோவுக்கு மேல் நிற்கும். வீட்டில் ஆசிட்டைக் கொட்ட வேண்டாம். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கழித்துக்கொள்வதுதான் சரியான வழி. பெட்டி டிவி எடுக்க யாருக்கும் ஆசை இல்லை. பின்னால் இருக்கும் செம்புச் சுருளுக்காக உடைப்பார்கள், கண்ணாடியில் ஈயம் உண்டு. வாசலில் உடைக்க விடாதீர்கள்.

தராசில்தான் அதிகம் போகிறது. தெருவில் வருகிறவர் கையில் வைத்திருக்கும் தொங்கு தராசில், எடை போடுமுன் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். இரண்டு கிலோவும் பாட்டில் எடை கொஞ்சமும் காட்ட வேண்டும். ஒன்றே முக்கால் காட்டினால் வேறு ஆளைக் கூப்பிடலாம். தராசில் முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் புகார் தொழிலாளர் துறைக்கு. பித்தளை, வெண்கலம், செம்பு மூன்றையும் ஒரே மூட்டையாகப் போடாதீர்கள். குறைந்த விலைக்குத்தான் மொத்தமும் போகும். பாத்திரக் கடையில் மாற்றும்போது அடியில் ஒட்டிய ஈயப்பற்று, கைப்பிடி இரும்பு என்று கழிவு போடுவார்கள். கழிவைச் சதவீதத்தில் சொல்லச் சொல்லி, பிறகு தராசில் வையுங்கள்.

பழைய வீடு இடிக்கிறவர்கள் தேக்குக் கதவு நிலையைக் கண்ட்ராக்டரிடம் "மொத்தமா எடுத்துக்கோங்க" என்று விடுவதுதான் பெரிய நஷ்டம். மரம் கன அடிக் கணக்கு. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஆறடி நீளம், நாலு அங்குலம், மூணு அங்குலம் என்றால் அரைக் கன அடி. நாலு கட்டையை இப்படிக் கணக்குப் பார்த்துவிட்டுப் பழைய மரக்கடையில் விலை கேட்டால், கண்ட்ராக்டர் சொன்ன தொகையின் அருமை தெரியும்.

காரையே உடைக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் ஆர்.சி.யை ரத்து பண்ணாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-ம் பிரிவுப்படி, வண்டி இனி ஓடாது என்றான 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருவார்கள். புது வண்டி வாங்கும்போது சலுகைக்கு அது உதவும். இன்சூரன்ஸ் கம்பெனியில் நோ கிளெய்ம் போனஸ் கடிதம் வாங்கி வைத்தால் மூணு வருஷத்துக்குள் வாங்கும் வண்டிக்குப் பயன்படும். ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உடைந்த வண்டியின் டேக் கப்பலூர் டோல்கேட்டில் காசு கட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதைத் தனியாக விலை பேசுங்கள். பிளாட்டினம், பல்லேடியம் மாதிரி உலோகம் அதில் இருக்கிறது. கிலோ இரும்பில் அதைச் சேர்த்து எடை போட யாரும் தயங்குவதில்லை.